எதிர்வீட்டு அக்காவின் முதல் வாக்கு

எனக்குப் பொறுமை குறைவு. என் கணவரிடம்தான் கேட்க வேண்டும் என்றில்லை, எங்கள் பஸ் தரிப்பிடத்தில் தினமும் நிற்பவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள். டொக்டர் வீட்டு வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், நான் உள்ளே வருவதைக் கண்டாலே கொம்பியூட்டருக்குள் தலையை விட்டுக்கொள்வாள். அந்தக் குணம் ஒரேயொரு நாள்தான் யாருக்கேனும் உண்மையில் உதவியது. அது கடைசியாக நடந்த பொதுத் தேர்தல் நாள்.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெரு சின்னது. ஒரு கரையில் நாங்கள், நேர் எதிரே அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார், நான் மனம் வந்தால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். பல வருடங்களாக இரண்டு வீடுகளுக்கும் இடையில் கறிச்சட்டிகள் தெருவைக் கடந்து போய்வருகின்றன. அவருடைய மீன்குழம்பு இந்தப் பக்கம் வருவதுதான் அதிகம் என்று என் கணவர் சொல்லிக் காட்டுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அக்கா அகதியாக வந்தவர். விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகங்கள் துப்புரவாக்கியே காலத்தைப் போக்கி, இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லாத அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக வதிவிட அனுமதி வாங்கியவர். பிரித்தானியக் குடியுரிமைக்கு அவர் இன்னும் போகவில்லை. அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும், பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கதையை மாற்றிவிடுவார். அதனால் தேர்தல், வாக்கு என்பதெல்லாம் தனக்கில்லை என்றே இருந்தார்.

"இலங்கைப் பாஸ்போட் வைச்சிருந்தாலும் போடலாம் அக்கா" என்று நான் சொன்னபோது நம்பவில்லை. "பொதுநலவாய நாட்டு ஆக்களுக்கு இஞ்சை இருக்க விசா இருந்தாச் சரி. வெள்ளைக்காரன் எங்களை ஆண்டதுக்கு இதாவது மிஞ்சினது."

"சும்மா விளையாடாதை பிள்ளை. பிறகு விசாவுக்கு ஏதும் பிரச்சினை வந்தா?"

"ஒரு பிரச்சினையும் வராது. வந்தா நான் இருக்கிறன்."

நான் விடவில்லை. அவருடைய மேசையிலேயே இருந்து போனில் பதிந்துகொடுத்தேன். வாக்காளர் அட்டை தபாலில் வந்ததும் அதை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, கடவுச்சீட்டு, வதிவிடக் கடிதம் எல்லாம் வைத்துப் பூட்டும் சூட்கேசுக்குள் அதையும் வைத்துப் பூட்டிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. அரசாங்கத் தாள் என்றால் வாசிப்பதற்கு முன் பூட்டுவோம்.

அதற்குப் பிறகு அக்கா தேர்தலில் காட்டிய அக்கறையைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. நான் குப்பையில் போடும் பிரசுரங்களை அவர் கண்ணாடி போட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். அவருக்கு வந்தவற்றில் இருந்த முகங்கள் எனக்கு வந்தவற்றில் இல்லை. அதைப் பார்த்தும் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் நல்ல மழையில் நனைந்துகொண்டு சின்னக் கட்சி ஒன்றின் வேட்பாளர், ஓர் இளம்பெண், அவருடைய கதவைத் தட்டினாள். அக்கா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் துவாய் கொடுத்து, இஞ்சிபோட்ட தேத்தண்ணியும் கொடுத்தார். பெண் அரை மணித்தியாலம் இருந்து, வாடகை வீடுகளில் பூஞ்சணம் பிடிப்பதைப் பற்றிக் கதைத்தாளாம். அத்தோடு, தன் வாக்கு அவளுக்குத்தான் என்று அக்கா முடிவெடுத்துவிட்டார்.

"அது வெல்லாது அக்கா" என்றேன்.

"வெல்லுறது அவவின்ரை அலுவல். போடுறது என்ரை அலுவல்."

தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் தெருவைக் கடந்து வந்து கேட்டார்: "எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"ஏழு மணிக்கு. இரவு பத்து மணி மட்டும் இருக்கு. ஆறுதலா மத்தியானம் போவம்."

"மத்தியானமோ? விசர்க்கதை கதையாதை. அதுக்குள்ளை வேறை ஆரும் போட்டிட்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் சொன்னார். ஊரில், கலியாணம் கட்டிய புதிதில், முதன்முதலாக வாக்குப்போடக் கைக்குழந்தையோடு வெயிலில் நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். வரிசையில் நின்று உள்ளே போனதும், மேசையில் இருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கடை வாக்குப் போட்டாச்சே" என்றாராம். யாரோ காலையிலேயே வந்து கள்ளவாக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா தன்னுடைய விரலை நீட்டிக் காட்டினாராம், பாருங்கோ மை இல்லை என்று. அவர் தலையைச் சொறிந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். பிறகு சண்டை, ஓட்டம், கப்பல், விமானம். வாக்குப்போடும் வாய்ப்பு திரும்ப வரவேயில்லை. அறுபதைத் தாண்டிய ஒரு மனுஷி, வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாக்குப் போடாதவர். எனக்கு மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. ஆறேமுக்காலுக்குக் கதவைத் தட்டுங்கோ என்றேன்.

அவர் ஆறரைக்கே தட்டினார். பூசைக்குக் கட்டும் நீலச்சேலை, தலையில் கொஞ்சம் எண்ணெய், கையில் வயதானவர்களுக்கான பஸ் பாஸ். அடையாளத்துக்கு அது போதும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். நான் வழமையாக வாக்குப்போடும் தேவாலய மண்டபத்துக்கு இருவரும் நடந்தோம். எதிர்வீட்டுக்கும் அதே மண்டபம்தானே, சூட்கேசில் பூட்டிய அட்டையை எடுத்து எந்த மண்டபம் என்று யாராவது பார்ப்பார்களா? போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய நாயோடு எங்களை வியப்பாகப் பார்த்தார்.

கதவு திறந்ததும் அக்காதான் முதல் ஆள். மேசையில் இருந்த இளைஞன் விலாசத்தைக் கேட்டு, ஸ்கேலைத் தாளில் வைத்து, மேலிருந்து கீழ் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். "மன்னிக்கவும், நீங்கள் இதில் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

 அக்கா பஸ் பாஸை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். என்னையும் கடந்து, கிழவரையும் நாயையும் கடந்து வெளியே போய்விட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எதிர்பார்த்ததுதான் நடந்தது என்பது போன்ற முகம் அது. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் மேசையில் இருந்தவனைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவன் விலாசத்தை இன்னொரு தாளில் தேடிக்கொண்டுதான் இருந்தான். தொகுதி எல்லைகளை இந்த முறை புதிதாகக் கீறியிருக்கிறார்களாம். கோடு எங்கள் தெருவின் நடுவாலேயே போகிறதாம். என் பக்கம் ஒரு தொகுதி, அக்காவின் பக்கம் இன்னொரு தொகுதி. அந்தப் பக்கத்தார் வாக்குப்போட வேண்டியது ஆரம்பப் பாடசாலையில்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நான் மத்தியானச் சாப்பாடு பரிமாறும் பாடசாலை அது. தேர்தலுக்கு மண்டபம் வேண்டும் என்று அன்றைக்கு எங்களுக்கு லீவு தந்திருந்தார்கள். லீவை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டில் இருந்தவள், அங்கே யார் வாக்குப்போடப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. என் வாக்கை அவசரமாகப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சேலையைக் களைந்துவிட்டு, வீட்டுச் சட்டையோடு நின்று கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது வேறை மண்டபம். கோடு மாறிப்போச்சு. உங்கடை வாக்கு அப்பிடியே கிடக்கு."

"ஓம் பிள்ளை."

"என்ன ஓம்? வெளிக்கிடுங்கோ."

"எங்கை போனாலும் ஒரு காரணம் சொல்லுவினம். ஒருக்கா அவமானப்பட்டது காணும். ரெண்டாந்தரமும் பட்டாச்சு. மூண்டாந்தரம் என்னாலை ஏலாது."

அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். மிகவும் மெதுவாகச் சொன்னார், கையில் இருந்த கத்தி நிற்கவேயில்லை. எனக்குத்தான் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கோடு கீறியவர்கள்மேலா, அன்றைக்கு ஊரில் தலையைச் சொறிந்தவன்மேலா, சூட்கேசின்மேலா.

"அக்கா, கேளுங்கோ. நான் உங்களோடை உள்ளை வாறன். அங்கையும் இல்லையெண்டு சொன்னா, சத்தியமா, அந்த மேசையைப் பிரட்டிப்போட்டுத்தான் வெளியிலை வருவன். அது நான் வேலை செய்யிற பள்ளிக்கூடம். வேலை போனாலும் பரவாயில்லை. பொலிசைக் கூப்பிட்டாலும் போகமாட்டன். உங்களுக்கு என்னைத் தெரியுந்தானே."

கத்தி நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். டொக்டர் வீட்டில் நான் போட்ட சண்டையை அவர் கூடவே இருந்து பார்த்தவர்.

"ஐயோ, அந்த மேசையிலை இருக்கிற பிள்ளையள் பாவம்" என்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையைக் கழுவினார். "பொறு, சேலையைக் கட்டிக்கொண்டு வாறன். உன்னைத் தனிய விட ஏலாது."

பாடசாலை மண்டபத்தில், நான் தினமும் கஸ்ரட் ஊற்றிக்கொடுக்கும் இடத்தில், இரண்டு பெண்கள் மேசை போட்டு இருந்தார்கள்.  வாயால் அளந்துவிட்டேனே தவிர, உண்மையாகவே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. அக்கா விலாசத்தைச் சொன்னார். தலைநரைத்த பெண் ஸ்கேலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நிறுத்தி, அக்காவின் முழுப்பெயரையும் கஷ்டப்பட்டு, ஆனால் சரியாக வாசித்தாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தரும் போடேல்லையாமோ? கேள்."

நான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "இல்லை, இது உங்களுடையது, நீங்கள்தான் போட வேண்டும்" என்று அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். ஸ்கேலை வைத்துப் பெயரின்மேல் கோடு இழுத்தாள். அக்கா உடனே இடது சின்னிவிரலை நீட்டினார். இரண்டு பெண்களும் விரலைப் பார்த்தார்கள். இங்கே மை பூசுவதில்லை என்று நான் சொன்னதும், "பிறகு என்னண்டு நம்புறது?" என்று கேட்டுக்கொண்டே வாக்குச்சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார்.

அங்கே அவர் நின்ற நேரத்தில் நாலைந்து பேர் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். வெளியே வந்து, மடித்த தாளைப் பெட்டிக்குள் விட்டு, அது விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் லீக்ஸை வதக்குவதா வறுப்பதா என்றுதான் கதைத்தார். எனக்குத்தான் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கதவைத் தட்டினார். கையில் போன். செய்தியை நான் முன்பே பார்த்திருந்தேன். மழையில் வந்த பெண்ணுக்குக் கடைசிக்கு முந்தின இடம். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே இருந்த வாக்குகளின் எண்ணிக்கையை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"தோத்திட்டா அக்கா" என்றேன்.

"தெரியும். இதிலை ஒண்டு நான். ஆரும் எனக்காகப் போடேல்லை. நானே போட்டு, நானே தோத்திருக்கிறன் பிள்ளை."