உப்புப் பார்க்காத சமையல்

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், கந்தோர் (அலுவலகம்) ஒன்றுக்குப் பகல் சாப்பாட்டுப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, யாரோ நெஞ்சின் நடுவில் முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. நின்றேன், போய்விட்டது. நடந்தேன், திரும்ப வந்தது. சாப்பாடு ஆறிவிடும் என்று, இரண்டு தரம் நின்று ஏறிக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அது வீரம் இல்லை, மடத்தனம்.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. துறைமுகத்தடியில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் அண்ணா ஐம்பத்திரண்டு வயதில், படகைக் கட்டிவிட்டு இறங்கும்போது மாரடைப்பில் விழுந்தவர், எழும்பவில்லை. அப்பாவும் அந்த வயதில்தான் போனார். நானும் அதைத் தாண்டமாட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுத்தார்கள். வேறு சோதனைகளும் செய்தார்கள். பிறகு டொக்டர் சொன்னா: "இரத்தக் குழாய் ஒடுங்கத் தொடங்கியிருக்கு அம்மா. மருந்தும் சாப்பாடும் சரியா இருந்தால் இதோட நிப்பாட்டலாம்."

பிரஷருக்கு ஒரு குளிசை. ஸ்டாற்றின் (கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மருந்து) ஒன்று. ஒரு நாளும் தவறவில்லை. காலையில் அரை மணி நேரம் நடந்தேன். சோறும் ஒரு நேரம்தான். மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் பார்த்தால், கொழுப்பு மனமில்லாமல் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் நிறை ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டா. சத்தியம் பண்ணாத குறையாக, ஒரு நேரச் சோறு என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த என் மனுசன் வாயைத் திறந்தார்.

"டொக்டர், இவ சாப்பிடுறேல்லை. உப்புப் பாக்கிறா."

டொக்டர் சிரித்துவிட்டு விபரம் கேட்டா. ஒவ்வொரு சட்டி வடையிலும் ஒன்று, ரோல்ஸில் ஒரு ஓரம், இறால் குழம்பில் ஒரு கரண்டி, சம்பலில் ஒரு கிள்ளு, காலை முதல் பின்னேரம் வரை. சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகப் போனது. சமைக்கிறவள் வாயில் போடுவதைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதேயில்லை.

வீட்டுக்கு வந்து அவரோடு சண்டை பிடித்தேன். ருசி பார்க்காமல் விற்றால் கடையை மூடவேண்டியதுதான், எனக்கு ஏலாது என்றேன். அவர் ஆறுதலாகக் கேட்டார்: "கோயில் படையலுக்குச் சமைக்கேக்க நீ உப்புப் பாக்கிறனியோ?"

சாமிக்குப் படைக்குமுன் வாயில் வைக்கக்கூடாது. முப்பது வருடமாகக் கண்ணாலும் கையாலும் மணத்தாலும் அளந்துதான் சமைக்கிறேன். ஒரு தரமும் பிழைத்ததில்லை.

அடுத்த நாள், வாய்கட்டிப் பூசை செய்கிறவர்களைப் போல, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கை சும்மா இருக்குமா? பத்துத் தரமாவது வடை துணியில் முட்டித் திரும்பியது. படகுக்காரர் ஒருவர் நேர்த்திக்கடனோ என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று சொதியில் உப்புக் கூடிவிட்டது. நாலாம் நாளிலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. எனக்கென்று உப்புக் குறைத்து, கீரையும் அவித்த மீனும் தனியாகச் சமைத்தேன்.

அதற்கடுத்த கிளினிக்கில் டொக்டர் தாளைத் திருப்பிக் காட்டினா. பிரஷரும் கொழுப்பும் சொன்ன அளவுக்குள் வந்துவிட்டன. எனக்குத் தெருவில் நின்று கத்தவேண்டும் போல இருந்தது. சந்தோசத்தில் மனுசனுக்கு இரண்டு வடை கூட வைத்தேன். அவருக்கும் பிரஷர் என்பது நினைவு வர, ஒன்றைத் திருப்பி எடுத்தேன்.

மருந்தை நிறுத்தலாமா என்றும் டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். இறங்கியது மருந்தாலும்தான், விட்டால் ஏறும் என்றா. நீங்களும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

போன மாதம் எனக்கு ஐம்பத்து மூன்று வயதானது. அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. பிறகு, "இனி நீதானடி உன்ர அண்ணாவுக்கு மூத்தவள்" என்றா. இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம்.

இப்போது அந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறுகிறேன். மூச்சு வாங்குகிறது, அது உழைப்பின் மூச்சு என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அடுத்த வருடத்துக்கென்று எதையும் யோசித்து வைக்கமாட்டேன். நேற்றுக் கடைக்குப் புது அடுப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். பத்து வருட உத்தரவாதம் உள்ளதைத் தரச் சொன்னேன்.