சைபர் நிற்கும் வரிசை

என் மாமாவுக்குக் கணக்கு தெரியாது. இப்போதும் தெரியாது. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், அம்மாவுக்கு அண்ணன். கூமாப்பட்டி வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சித்தி போலீஸ் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்ததும், கணக்கை நானே சொல்லித் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது? தேறாவிட்டால் கல்யாணம், மாப்பிள்ளை தயார். தேறினாலும் வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்பதை மாமாதான் முடிவு செய்வார். சித்திக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு ஒன்பது.

ஒற்றைப்படை, இரட்டைப்படை வந்தால் மாமாவுக்குக் குஷி. பட்டாளத்தில் வரிசையில் நிற்கவைத்து எண்ணச் சொல்வார்களாம். ஒற்றை எண்காரன் ஓரடி முன்னால், இரட்டை எண்காரன் ஓரடி பின்னால். சித்தியையும் என்னையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் களத்து வெயிலில் நிறுத்தி அதையே செய்ய வைத்தார். நான் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் நகர்ந்து திட்டு வாங்கினேன்.

ஒருநாள் புத்தகத்தில் ஒரு கேள்வி. பூச்சியம் ஒற்றையா, இரட்டையா, இரண்டும் இல்லையா?

"ரெண்டும் இல்லட்டி. சைபர்னு எவன் வந்து வரிசையில நிப்பான்?" என்றார் மாமா.

சித்தி மெதுவாகச் சொன்னாள். "இல்லண்ணே. ஆறு, நாலு, ரெண்டு. ரெண்டு ரெண்டா கொறச்சுக்கிட்டே வந்தா அடுத்தது சைபர்தான. அது மட்டும் எப்படி ரெட்டை இல்லாமப் போவும்?"

"அப்ப நான் பதினேழு வருசம் மாடா மேச்சேன்?"

அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மா சித்தியை ஏசினாள். மறுநாள் காலையில் சித்தி, "நீங்க சொன்னதுதான்ணே சரி" என்றாள். அதன் பிறகுதான் மாமா இட்லியைத் தொட்டார்.

தேர்வு ஸ்ரீவில்லிபுத்தூரில். மாமா பைக்கில் எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். சித்தி வெளியே வரும்வரை நானும் அவரும் கேட்டுக்கு எதிரே காத்து நின்றோம்.

"சைபரைக் கேட்டிருக்காங்கண்ணே."

"என்ன போட்ட?"

"நீங்க சொன்னதுதான்."

வழியில் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட மாமா அதைச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தேன். சித்தி இரட்டைப்படைக்குத்தான் டிக் அடித்திருந்தாள். பொய் சொல்கிறவர்களை எனக்கு அப்போதும் பிடிக்காது. தாளை எடுத்துக்கொண்டு மாமாவிடம் கிளம்பினேன். சித்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, இதைக் கொண்டு போய்க் காமிச்சேன்னா நாளைக்கே எனக்குப் பூ வைக்க ஆள் வந்துரும். பேசாம இரு."

காட்டவில்லை. ஆனால் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஒரு வாரத்தில் மாமாவின் செல்லுக்கு விடைப்பட்டியல் வந்தது. வினாத்தாளை வாங்கித் தானே மார்க் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் கேள்வி வந்ததும் செல்லைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடியும் செல்லைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எல்லாம் முடிந்ததும் தாளை மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"சைபர் என்னாச்சுண்ணே?" சித்தி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்க."

விடைப்பட்டியலைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராஜபாளையம் போனோம். ஓட்டத் தேர்வுக்கு ஷூ வாங்க வேண்டுமாம். கடையில் சித்தி போட்டுப் பார்த்தபோது மாமா தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து நாடாவைக் கட்டிவிட்டார். எவர் முன்னாலும் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை. சித்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஷூ கடிக்கிறது போல, அதுதான் அழுகிறாள் என்று நினைத்து, வேறு அளவு எடுத்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டேன்.