ஹாரன் அடிக்காத வளைவு

என் வீட்டுக்காரர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிரைவராக இருந்தார். கழுவெளி ஏரியை ஒட்டிச் சாலை வளைகிற இடத்தில் மட்டும் அவர் ஹாரன் அடிக்க மாட்டார். ஆடு குறுக்கே வந்தாலும் சரி, எதிரே டிராக்டர் வந்தாலும் சரி, வண்டியை மெதுவாக்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாரே தவிர ஹாரன் பக்கம் விரல் போகாது. தண்ணீரில் வாத்துகள் தூங்குமாம். "இன்னா பேஜாரா கீது இந்த ஆளோட, ஜல்தி எடுய்யா" என்று பின்சீட்டில் கத்துவார்கள். அவர் காதில் விழாது. கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

நான் விழுப்புரத்துக்காரி. ரயில் கூவுகிற சத்தத்திலேயே தூங்கி, அதிலேயே விழித்து வளர்ந்தவள். கல்யாணமாகி அவருடைய ஊருக்கு வந்த புதிதில் அங்கிருந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. விடிகிற நேரத்தில் ஏரியும் வானமும் ஒரே நிறமாக இருக்கும், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அதற்கு நடுவில் நாரைகள் நின்றுகொண்டிருக்கும். நின்றுகொண்டே இருக்கும். இதைப் பார்க்கவா இந்த மனுஷன் அதிகாலையில் என்னை எழுப்பினார் என்று கோபம் வரும். பிறகு எப்போது அந்தக் கோபம் போனது என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் கல்லறைத்தோட்டம் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. முதல் வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மாமனார் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றப் போனேன். கடல் காற்று ஒவ்வொரு தடவையும் ஊதி அணைத்தது. தீப்பெட்டியே காலியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, முஷ்டியால் மணலில் ஒரு குழி தோண்டி, வத்தியை அதற்குள் இறக்கி வைத்தார். ஆடாமல் அசையாமல் எரிந்தது. "டவுன் பொண்ணுக்கு இதுகூட தெரியல" என்று நாள் முழுக்கக் கிண்டல். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வெளிநாட்டுச் சம்பளம் வந்தது, கல்லறைகளுக்கு டைல்ஸ் வந்தது. காற்றுக்குக் கண்ணாடிக் கூண்டு, ஜெனரேட்டர், கம்பத்துக்குக் கம்பம் ஃபோகஸ் லைட், மைக் செட். கல்லறைத் திருநாள் அன்று எங்கள் ஏரிக்கரை கல்யாண மண்டபம் போல ஜொலிக்கும். அவர் மட்டும் ஏரிப்பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். வெளிச்சத்தில் வாத்துகள் எழுந்து பறந்துவிடும். எங்கே போயினவோ என்று ராத்திரி சாப்பிடும்போதும் அதே பேச்சு.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்றார். அவ்வளவுதான். அவர் குழிமேட்டுக்கு நான் டைல்ஸ் போடவில்லை. மனசு வரவில்லை. மண்ணாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பணத்துக்குக் கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும்.

கழுவெளியைப் பறவைகளுக்கான சரணாலயமாக்க வேண்டும் என்று கிராம சபையில் பேச அவர் ரொம்ப நாளாக ஆசைப்பட்டார். மைக்கைக் கண்டால் நடுங்குகிற மனுஷன், அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு நான் எழுந்து நின்று பேசினேன். கண்ணி வைப்பதை, மண் அள்ளுகிற லாரியை, எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் போல இன்னும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். சரணாலயம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் வேலை செய்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு பெரியவர் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதைப் பார்த்து, "இன்னாம்மா, எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா?" என்று பயந்துவிட்டார்.

சந்தோஷம் எல்லைக்கல் நட வரும்வரைதான். கல் எங்கள் கல்லறைத்தோட்டத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது. எங்கள் செத்தவர்கள் எல்லோரும் சரணாலயத்துக்கு உள்ளே. கல்லறைத் திருநாள் நெருங்கும்போது வனக்காவலர் வந்து தன்மையாகத்தான் சொன்னார்: மைக் வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், இருட்டிய பிறகு ஏரிப்பக்கம் வெளிச்சம் எதுவும் தெரியக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கோயில் வாசலில் நின்று என்னைப் பார்த்தது. என் கொழுந்தனார்தான் முதலில் வாய் திறந்தார். "அண்ணி, நீங்க அன்னிக்கு எழுந்து பேசினீங்க. இப்ப எங்கம்மாவுக்கு ஒரு வத்தி ஏத்த வழியில்ல. பட்சிங்களுக்குத்தான் ஊரா இது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. எனக்கும் ஏற்றுவதற்கு ஒரு வத்தி இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். "உன் வாத்துக்காக ஊரைப் பகைச்சிக்கினேன். இப்ப உனக்கே வெளக்கு கெடையாது. சந்தோஷமா?" போட்டோவில் அவர் யூனிபாரத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். டவுன் பொண்ணு என்று கேலி செய்தபோது சிரித்த அதே சிரிப்பு.

மறுநாள் சாயங்காலம் வனக்காவலரைக் கூப்பிட்டுக்கொண்டு கல்லறைத்தோட்டத்துக்குப் போனேன். கொழுந்தனாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார். என் வீட்டுக்காரர் குழிமேட்டில் முஷ்டியால் குழி தோண்டி, வத்தியை இறக்கி ஏற்றினேன். "தண்ணிகிட்ட போய் நின்னு பாருங்க சார்" என்றேன். வனக்காவலர் போய், திரும்பி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏத்திட்டீங்களாம்மா?" என்று அங்கிருந்து கேட்டார்.

அந்த வருஷம் டைல்ஸ் போட்டவர்கள் பாடு திண்டாட்டம். தோண்ட மண் இல்லை. கல்லறையின் கால்மாட்டில் உட்கார்ந்து, பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் கையால் தோண்டினார்கள். புலம்பிக்கொண்டேதான் தோண்டினார்கள். சாமியார் மைக் இல்லாமல் மெல்லிய குரலில் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மழை விட்டு ஈரக்காற்று வந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, இருட்டு மட்டும்தான். குனிந்து பார்த்தால் தரைக்குள்ளிருந்து வெளிச்சம். ஒவ்வொருவர் முகமும் கீழிருந்து மஞ்சளாகத் தெரிந்தது. யார் உயிரோடு இருப்பவர், யார் இல்லாதவர் என்று ஒரு நிமிஷம் எனக்குக் குழம்பிவிட்டது. அந்தக் குழப்பம் இனிமையாக இருந்தது. ஏரியில் வாத்துகள் தூக்கத்தில் பேசுவது போல ஏதோ முனகின. ஒன்றுகூட எழுந்து பறக்கவில்லை. இதைப் பார்க்க அவர் இல்லையே என்று நினைத்தேன், பிறகு, இங்கேதானே இருக்கிறார் என்றும் நினைத்தேன்.

திரும்பும்போது எல்லைக்கல்லைத் தாண்டியதும் கொழுந்தனார் நின்று திரும்பிப் பார்த்தார். "அண்ணன் பாட்டுக்கு உள்ளாற பட்சிங்களோட சொகமா கீறாரு. நாமதான் பர்மிஷன் கேட்டுக்கினு வந்து கேட்டுக்கினு போவணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் சிரித்தேன்.

எனக்கு அன்று ராத்திரி டூட்டி, அவருடைய பைக்கில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இந்த வட்டாரத்திலேயே ஓயாமல் ஹாரன் அடிக்கிற ஆள் என் கொழுந்தனார், காலி ரோட்டில்கூட அடிப்பார். ஏரி வளைவில் ஒரு எருமை ரோட்டின் நடுவே படுத்திருந்தது. பைக் நின்றது. கட்டைவிரல் ஹாரன் மேல் போய், அங்கேயே கொஞ்சம் இருந்து, விலகியது. பிறகு அவர் வண்டியை அணைத்துவிட்டு, காலைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் கையை நீட்டி எருமையைப் பார்த்து ஆட்டத் தொடங்கினார்.

அது எழுந்திருக்கும் வரை நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.