மல்லாட்டைப் படையும் அரைநிலா வியூகமும்

எங்கள் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், தை மாதத்தில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் அவருடைய லாரி புளியமரத்தில் மோதி இடுப்பும் வலது தொடையும் முறிந்தன. விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நடந்து பழக வேண்டியதுதான் என்றார் டாக்டர். அப்பா எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். கொடுத்த கஞ்சியில் பாதியை மிச்சம் வைப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் வாக்கரில் அம்மா ஈரத்துணி காயப்போட ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் பெரியம்மா மகன் கோடை லீவுக்கு வந்தான். சென்னையில் எஞ்சினீயரிங் படிக்கும் அண்ணன். ஹாஸ்டலில் கற்ற விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அட்டை கிடையாது, காய் கிடையாது. இருபது பக்கங்கள் கொண்ட பச்சைப் பகடை ஒன்றுதான் உண்டு; மற்றதெல்லாம் அவன் வாய். "நீங்க ஒரு காட்டு வழியா போய்க்கினு இருக்கீங்க" என்று ஆரம்பிப்பான். நாங்கள் யார், என்ன செய்கிறோம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். நான் வில்லாளி. தம்பி மந்திரவாதி, அவனுக்குத் தெரிந்த ஒரே மந்திரம் இடி.

காட்டுக் கதையை மாந்தோப்பில் விளையாட ஆசைப்பட்டோம். அம்மா விடவில்லை.

"அப்பா கீற ரூம்லயே விளாடுங்க. அங்கேர்ந்து எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து வரக்கூடாது."

உடம்பு முடியாதவர் படுத்திருக்கும் அறையில் கத்தாதீர்கள் என்பார்கள் மற்ற வீடுகளில். எங்கள் அம்மா உள்ளே போய்க் கத்துங்கள் என்றாள். வெயிலுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தோம்.

கதை நன்றாகத்தான் போனது, எலும்புப் படை வரும்வரைக்கும். செத்தவர்களின் ராஜா ஒருவன், எலும்புக்கூடுகளைக் கிளப்பிக்கொண்டு ஓர் ஊரைக் கொளுத்த வருகிறான். ஊரைக் காக்க நாங்கள் இருவரும், வேல் பிடித்த குடியானவர்களும். எலும்புக்கூடுகளுக்கு மல்லாட்டையை, அதாவது தோல் உரிக்காத வேர்க்கடலையை, பரப்பினான் அண்ணன், குடியானவர்களுக்குப் புளியங்கொட்டை. மூன்று பருப்புள்ள பெரிய மல்லாட்டை ராஜா. செத்த எலும்புக்கூட்டைத் தம்பி உடைத்துத் தின்றுவிடலாம் என்பது ஒப்பந்தம். அவனுக்கு அதிகம் கிடைக்கவில்லை. நாங்கள் தோற்றோம். மறுபடி வைத்து மறுபடி தோற்றோம்.

"எதுக்குடா அத்தினி பேரும் ஒரே எடத்துல கும்பலா நின்னுக்கினு இருக்கீங்க?"

யாரோ வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்த்தோம். வாசலில் யாருமில்லை. அப்பா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை வருஷம் தவறாமல் கேட்டவர் அவர். எந்த நாளில் யார் என்ன வியூகம் வகுத்தார்கள் என்பது ஊர்ப் பெயர்களைப் போல அவருக்கு வரிசையாகத் தெரியும்.

"அவன் கருடன் மாதிரி மூக்க நீட்டிக்கினு வர்றான். நீ அரைநிலா கட்டு. நடுவுல பள்ளம் வுடு. மூக்கு உள்ள வரட்டும். ரெண்டு கொம்பாலயும் வளைச்சிக்கோ."

கட்டினோம். கருடன் மூக்கை நீட்டினான். எங்கள் முறை வந்தபோது பகடையில் இரண்டு விழுந்தது, அடுத்து ஒன்று. பள்ளத்துக்குள் வந்த எலும்புகள் அதைப் பிய்த்துக்கொண்டு போய் ஊரைக் கொளுத்தின.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா பேஜாரு இது! பாரதத்துல பகடய உருட்டிக்கினா சண்ட போட்டாங்க?"

"உருட்டுனதாலதான சித்தப்பா சண்டையே வந்துச்சு?" என்றான் அண்ணன்.

அப்பா அவனையே பார்த்தார். பிறகு அவர் நெஞ்சிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறார் என்று பயந்து தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். அது சிரிப்பு. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"இன்னாங்க? இன்னா ஆச்சி?"

"ஒன்னுமில்ல. ஊரு எரிஞ்சிடுச்சி" என்றார் அப்பா. "நாளிக்கி இன்னொரு தபா பாக்கணும்."

"பாருங்க" என்றாள் அம்மா. கரண்டியோடு அங்கேயே நின்றாள். அன்றைக்குக் குழம்பு தீய்ந்துபோனது.

மறுநாள் நாங்கள் கண் விழிக்கும் முன்பே அப்பா விழித்திருந்தார். "அந்தப் பையன் எழுந்தானா பாரு" என்று அம்மாவை விரட்டினார். கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுப் படையைப் பரப்பச் சொன்னார். படுத்த வாக்கில் வலது கொம்பு தெரியவில்லை என்று தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லி உட்கார்ந்தார். அப்போதும் சரியாகத் தெரியாமல் காலைத் தொங்கப்போட்டார். அண்ணன் என்ன நினைத்தானோ, வலது கொம்பை வாசற்படி வரைக்கும் நீட்டிவிட்டான்.

எலும்புப் படை பள்ளத்துக்குள் இறங்கியது. இடது கொம்பு வளைந்தது. என் அம்புகள் பலித்தன. தம்பியின் வாய் நிறைந்தது. வலது கொம்பை மூட வேண்டிய நேரம். நான் எழுந்தேன்.

"நீ வேணாம் பாப்பா, தப்பா வெப்ப. அதுல கீற துணிய எல்லாம் எடு."

வாக்கரைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் தோளைப் பிடித்தான். அப்பா எழுந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஓரடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி. குனிய முடியாததால் வாக்கரின் காலாலேயே புளியங்கொட்டைகளை உள்ளே தள்ளினார். தள்ளும்போது அதன் ரப்பர்க் கால் செத்தவர்களின் ராஜாவின் மேல் இறங்கியது. நறுக்கென்று சத்தம்.

"அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினேன். "பகடையே உருட்டல! உருட்டாம எப்பிடி சாவும்?"

அண்ணன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "ராஜா செத்துட்டாரு சித்தப்பா" என்றான் கடைசியில். "ஊரு பொழச்சிக்கிச்சி." அம்மா எப்போது வந்தாளோ, வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் நியாயம் கேட்டு முடிக்கும் முன்பே, "போங்க, எல்லாரும் தோப்புல போயி விளாடுங்க" என்று எங்களை வெளியே அனுப்பினாள். கேட்டபோதெல்லாம் விடாதவள், கேட்காதபோது துரத்துகிறாளே என்றிருந்தது.

அப்பாவைத் தனியாக விட்டால் ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று அவள் பயந்ததையும், இரவெல்லாம் கட்டில் காலைப் பிடித்தபடி விழித்திருந்ததையும், எனக்குக் கல்யாணமான பிறகுதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

தோப்புக்குப் போன பிறகுதான் பகடையை மறந்துவிட்டு வந்தது தெரிந்தது. எடுக்கத் திரும்பி வந்தேன். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மிச்சமிருந்த எலும்புப் படையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில், சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளுக்கு நடுவே, வெறுந்தரையில் அம்மா படுத்திருந்தாள். அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"அம்மாவுக்கு இன்னாப்பா?"

"தூங்கறா, வுடு" என்றார் அப்பா.

இவ்வளவு வெளிச்சத்தில் ஒருவர் எதற்காகத் தூங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பகடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.