என் வலது கண்ணில் இருப்பது

என் தங்கையின் பார்வை கெட்டதற்குக் காரணம் லேசர் அல்ல. நான்தான். மருத்துவரிடம் பொய் சொன்னேன்.

நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவன் நான். ஊரார் எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழையைக்கூடத் தவற விடாதவன்! என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை.

சென்னையில் இருந்தபோது என் வலது கண்ணில் கோளாறு கண்டுபிடித்தார்கள். கருவிழி மெலிந்து, கூம்புபோல முன்னால் பிதுங்கும் நோய். கெட்டியான லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால்தான் எழுத்து நேராகத் தெரியும். வேலை போய்விடுமே என்று மறைத்தேன். புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு நெல்லித்தோப்பு வீட்டிலும் சொல்லவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு மாட்டுவேன், கழற்றுவேன்.

தங்கை வாணிக்குக் கதிர்காமத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாளெல்லாம் மைக்ராஸ்கோப். சிறுவயதிலிருந்தே தடித்த கண்ணாடி. சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. அந்த சோடாபுட்டிய மட்டும் கழட்டிடுங்க. லேசர்ல பத்து நிமிஷமாமே!" என்றார்.

"எனக்கும் மூக்கு வலி விட்டுடும் அத்தை" என்று சிரித்தாள் வாணி.

கண் மருத்துவமனைக்கு அந்த அம்மாளும் எங்களோடு வந்தார். மருத்துவர் அவசரப்படவில்லை. கருவிழியின் தடிமனை இரண்டு முறை அளந்தார்.

"பெரும்பாலானவங்களுக்கு நல்ல சிகிச்சைதான். ஆனா எல்லாருக்கும் ஆகாது. இவங்க தடிமன் குறைஞ்சபட்ச அளவுல, ஓரத்துல நிக்குது." பிறகு என்னிடம் திரும்பினார். "குடும்பத்துல யாருக்காவது கருவிழி கூம்பா பிதுங்குற நோய் இருக்கா? இருந்தா செய்ய மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா என் வாயையே பார்த்தார்.

"இல்ல டாக்டர்."

நினைத்துப் பாருங்கள்... அந்த லென்ஸ் வழியாகத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

வாணியின் கல்யாணம் நிற்கக் கூடாது என்று சொன்னேனா? என் ரகசியத்துக்காகச் சொன்னேனா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. முடியவில்லையா... மனம் வரவில்லையா?

சிகிச்சைக்கு மறுநாள் பேருந்து நிலையத்தருகே என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணா, திண்டிவனம் பஸ் போர்டு தெரியுது! கண்ணாடி இல்லாம! எழுத்துப்பிழ இருக்கான்னு நீ வேணா பாத்துக்கோ!"

அவ்வளவு சந்தோஷம்... எனக்குப் பெருமைகூட!

கல்யாணமாகி இரண்டாம் வருடம் ரத்த அணுக்கள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. எந்தக் கண்ணாடியும் ஒத்துவரவில்லை. வேலையை விட்டாள். கருவிழி பிதுங்கிவிட்டது, இரண்டு கண்ணிலும்.

மருத்துவர் பழைய அட்டையைப் புரட்டினார். "குடும்பத்துல யாருக்கும் இல்லன்னுதான் எழுதியிருக்கு..."

"என் தலையெழுத்து டாக்டர். பாவம், அண்ணன்தான் அலையுது" என்றாள் வாணி.

நான் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கண்ணாடி முன் உட்கார்ந்து கெட்டி லென்ஸ் மாட்டிப் பழகினாள். மூன்று முறை விழுந்தது.

"எங்கண்ணா போச்சு, பாரேன்!"

விரல் நுனியை ஈரமாக்கி, தரையிலிருந்து ஒற்றி எடுத்தேன்.

"அடப்பாவி! நாலு நாளா எனக்கு வரல. உனக்கு எப்பிடி வருது?"

எந்த விரலால் இமையைத் தூக்க வேண்டும், பார்வை எங்கே நிற்க வேண்டும், எப்படி வைத்தால் வலிக்காது... எல்லாம் எனக்குத் தெரியும்.

"சும்மா... தானா வந்துச்சு" என்றேன்.

லென்ஸைக் கழுவி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் மறுபடி குனிந்து, கண்ணீர் வழிய, தப்பான விரலால் இமையை இழுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.