குணமணியின் கைகள் நடித்த படம்

குணமணியின் முகம் எந்தப் படத்திலும் வந்ததில்லை, கைகள் வந்திருக்கின்றன. சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு தையல்கடையின் மூலையில் மேசை போட்டு, பன்னிரண்டு வருடமாக டாரட் சீட்டில் குறி பார்க்கிறவள் அவள். உள்ளூர்ப் பேய்ப்படம் ஒன்றில் சீட்டைத் திருப்பிக் காட்ட அவள் கைகளைக் கேட்டார்கள். மருதாணி வைத்துக்கொண்டு போனாள்.

அங்கே திருப்பச் சொன்னது மரணச் சீட்டை. குதிரைமேல் எலும்புக்கூடு.

"தம்பி, இது வந்தா சாவுன்னு அர்த்தம் இல்லப்பா. பழசு ஒண்ணு முடியுது, அவ்வளவுதான்."

இயக்குநர் வருண் சிரித்தான். "ஆன்ட்டி, அதை ஆடியன்ஸுக்கு யாரு எக்ஸ்பிளெய்ன் பண்றது? நீங்க சும்மா திருப்புங்க லா."

திருப்பினாள். அடுத்த காட்சியில் கதாநாயகியின் கணவன் பிணம். சினிமாக்காரர்களுக்கு இந்த ஒரு சீட்டை விட்டால் வேறு சீட்டே கிடையாது.

படம் பார்த்த வாடிக்கையாளர்கள் அந்தச் சீட்டுக்குப் பயந்தபோது பேசிச் சமாளித்தாள். வீட்டில்தான் வினை முளைத்தது. கணவர் சிதம்பரம் அவள் தொழிலை ஒருநாளும் மதித்ததில்லை. "இன்னிக்கு ரம்மி எப்படிப் போச்சு?" என்றுதான் கேட்பார். ஆனால் மனைவியின் கைகளுக்காகப் படத்தை மூன்று தடவை பார்த்தவரும் அவர்தான். இதயத்தில் மூன்று அடைப்பு, ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளில் மனிதர் ஆடிப்போய்விட்டார். ஆபரேஷனே வேண்டாம் என்றார்.

"நீதானே திருப்புனே? அடுத்த சீன்ல புருஷன் போயிட்டான்."

"ஐயோ, அது படம்ங்க!"

"கை உன்னுதுதானே?"

குணமணி கெஞ்சினாள், திட்டினாள். கிளமெண்டியிலிருந்து மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். வியாழக்கிழமை ஆபரேஷன், செவ்வாய்க்கிழமைதான் சிதம்பரம் ஒரு வழிக்கு வந்தார். "எனக்கு ஒரு சீட்டுப் பாரு. நல்லது வந்தா போறேன்."

சீட்டுக் கட்டோடு அடுப்படிக்குப் போய் மரணச் சீட்டை உருவி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினாள். பன்னிரண்டு வருடத்தில் செய்யாத திருட்டு. பிறகு வந்து சீட்டுகளைப் பரப்பினாள். சிதம்பரம் எடுத்தது சூரியன்.

"பாத்தீங்களா!" என்று கத்தியே விட்டாள்.

சிதம்பரமும் சிரித்தார். சீட்டுகளை அள்ளி அடுக்கினார். பூன் லே கிடங்கில் முப்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவருடைய விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின.

"எழுபத்தெட்டுன்னு பெட்டியில போட்டிருக்கு. ஒண்ணு கொறையுதே?" ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அந்த எலும்புக்கூட்டைத்தான் காணோம்."

"நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான்..."

"நான் படம் பாத்துப் பயந்தவன். நீ தெரிஞ்சவ. உனக்கு எதுக்குப் பயம்? நீயே ஒளிச்சு வச்சா, அதுல ஏதோ இருக்கு."

குணமணி பயந்தது உண்மை.

சிதம்பரம் போனை எடுத்து, வியாழக்கிழமை வரப்போவதில்லை என்று மருத்துவமனைக்குச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், மனைவியின் சீட்டை அவர் நம்பியது அன்றைக்குத்தான்.