தாம்பரத்திலிருந்து தேடிய நான்

எங்கள் அலுவலகம் தாம்பரத்தில். நான் அங்கே மேனேஜர். கிரைண்டர் விற்கும் ஒரு கம்பெனிக்கு இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனி இணையப் பக்கங்கள் செய்து கொடுத்திருந்தோம். சிங்கப்பூர் பக்கத்தைத் தேடலில் முதலில் வரவைப்பது கலா அக்காவின் வேலை.

ஒருநாள் என் போனில் தேடினேன். இந்தியப் பக்கம்தான் வந்தது. எல்லோர் முன்னாலும் கலா அக்காவைக் கேட்டேன்: "மூணு மாசமா என்னதான் பண்ணீங்க?"

"நாம தாம்பரத்துல இருந்து தேடுறோம் சார். இங்க இந்தியப் பக்கம்தான் காட்டும். சிங்கப்பூர்ல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"கதை விடாதீங்க," என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம், சிங்கப்பூர் போயிருந்த கிரைண்டர் கம்பெனி முதலாளி அங்கிருந்து கூப்பிட்டார். "இங்க தேடினா நம்ம சிங்கப்பூர் பக்கம்தான் முதல்ல வருது. யாரு பண்ணது?"

"நான்தான் சார்," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மறுநாள் கலா அக்கா போன் செய்தார். "சிங்கப்பூர்ல யாராவது பார்த்தாங்களா சார்?"

"பார்த்தாங்க. வரல," என்றேன்.

"அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். சாரி சார்."

வேலையை விட்டு அனுப்பியது தெரியாமல் செய்தது. அந்த சாரியை நான் தெரிந்தே வாங்கிக்கொண்டேன்.